பழைய புல்லட்டின் கார்பரேட்டரை ஏ.எஃப்.ஆர் மீட்டர் வைத்துச் சரிசெய்வது எப்படி? செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வண்டி முக்குகிறது, சூடாகிறது, மைலேஜ் இல்லை என்று பட்டறைக்குப் போனால் ஒருவர் கார்பரேட்டரில் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் உறுப்பு) உள்ள ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே தள்ளுவார். அடுத்த மாதம் இன்னொருவர் அதையே அரைச் சுற்று வெளியே எடுப்பார். இருவரும் காதை நம்பித்தான் செய்கிறார்கள். காது நல்ல கருவிதான், ஆனால் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சினுக்குள் பெட்ரோல் கூடுதலா குறைவா என்று அதனால் சொல்ல முடியாது. நானும் இந்தச் சுற்றில் நெடுநாள் அலைந்துவிட்டு, பெண்ட் பைப்பில் (எஞ்சினிலிருந்து சைலன்ஸருக்குப் போகும் வளைந்த குழாய்) ஒரு சென்சாரை வைத்து, காற்றும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் எரிகின்றன என்று காட்டும் ஏ.எஃப்.ஆர் மீட்டரின் எண்ணைப் பார்த்துச் சரிசெய்துகொண்டேன். எது முதலில், எது பிறகு, எதற்கு எவ்வளவு, மீட்டர் எங்கே ஏமாற்றும் என்பதெல்லாம் கீழே.

ஐயா காலத்து வண்டி வளவிலோ பின்கட்டிலோ படுத்துக்கிடந்து, இப்போதுதான் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால் இரண்டாம் படியைத் தவறாமல் படியுங்கள்.

1. உங்கள் வண்டிக்கு இது ஒத்துவருமா?

நான்கு ஸ்ட்ரோக் வண்டியாக இருக்க வேண்டும். நான் எழுதுவதெல்லாம் பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350ஐ மனதில் வைத்து. அதில் பெரும்பாலும் இருப்பது மிக்கார்ப் வி.எம். வகை கார்பரேட்டர். அதே வகை கார்பரேட்டர் உள்ள வேறு நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கும் இதே முறைதான்.

ஆர்.எக்ஸ். 100, ஆர்.டி. 350, பழைய யெஸ்டி வைத்திருப்பவர்கள் இங்கேயே நின்றுவிடலாம். இரண்டு ஸ்ட்ரோக்கில் எரியாத புதுக் கலவையும் காற்றும் நேராகச் சைலன்ஸருக்குள் போய்விடும். அந்த ஆக்சிஜனைப் பார்த்து மீட்டர் "பெட்ரோல் குறைவு" என்று காட்டும். அதை நம்பி ஜெட்டை (பெட்ரோல் போகும் துளையுள்ள சிறு பித்தளைத் திருகு) பெரிய அளவுக்கு ஏற்றினால் வண்டி புகைவண்டியாகிவிடும். போதாததற்கு 2டி ஆயில் சென்சாரையும் கெடுக்கும். உங்களுக்கு ஸ்பார்க் பிளக்கின் நிறமும் சிலிண்டர் தலையின் சூடும்தான் வழிகாட்டி.

இரண்டு கார்பரேட்டர் உள்ள நான்கு ஸ்ட்ரோக் வண்டியானால், முதலில் இரண்டு ஸ்லைடும் (ஆக்சிலேட்டரை முறுக்கினால் கார்பரேட்டருக்குள் மேலே எழும் அடைப்பு) ஒரே நேரத்தில் ஒரே அளவு எழும்படி கேபிளைச் சரிசெய்யுங்கள். பிறகு ஒவ்வொரு பைப்புக்கும் தனியாகச் சென்சார் புஷ் (சென்சாரைத் திருகி மாட்டும் மரையுள்ள வளையம்) வையுங்கள். இரண்டு பைப்பும் சேரும் இடத்தில் ஒரே சென்சார் வைத்தால் ஒன்று அதிகம், ஒன்று குறைவு என்று இருந்தாலும் சராசரி நன்றாகவே தெரியும். ஒரு பிஸ்டன் வெந்துபோகும்வரை உங்களுக்கு விஷயமே தெரியாது.

2. காகிதம்

டியூனிங்குக்கும் காகிதத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள். சரிபார்க்க வேண்டியது சாலையில் ஓட்டித்தான், பழைய புல்லட் சத்தம் கேட்டாலே சோதனைச் சாவடியில் கை நீளும். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் உயிரோடு இருக்க வேண்டும். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ இருந்தால் போதும்.

ஆர்.சி. முதல் 15 ஆண்டுக்கு. அதன் பிறகு ஆய்வு முடித்து 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பம் படிவம் 25. பரிவாகன் தளத்தில் போடலாம். காலாவதிக்கு 60 நாள் முன்பிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். இருசக்கர வாகனத்துக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 1,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக்கினார்கள். தாமதித்தால் மாதத்துக்கு 300 ரூபாய் சேரும். பல வருடம் தூங்கிய வண்டிக்கு இந்தத் தாமதத் தொகைதான் பெரிய அடி, மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். பசுமை வரி இதில் சேராது, அது தனி.

ஆர்.சி. இறந்துபோனவர் பெயரில் இருந்தால் புதுப்பிப்புக்கு முன் பெயர் மாற்றம். அதற்குப் படிவம் 31. விற்று வாங்கும்போது போடும் படிவம் 30ஐ நிரப்பிக்கொண்டு போகாதீர்கள், திருப்பி அனுப்புவார்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவை கைவசம் இருக்கட்டும். வாரிசுகளில் ஒருவர் சிங்கப்பூரிலும் ஒருவர் கோலாலம்பூரிலும் இருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் அதிகம். சம்மதக் கடிதம் வந்து சேர்வதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும், ஆகவே முதல் வேலையாக அதைத் தொடங்குங்கள்.

இனி வரிசை. ஆய்வுக்குப் புகைச் சான்று வேண்டும். கலவை தாறுமாறாக இருந்தால் புகைச் சோதனையில் தேறாது. எனவே பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், பிறகு டியூனிங், பிறகு புகைச் சான்று, கடைசியாகப் படிவம் 25 ஆய்வு. ஆர்.சி. ஏற்கெனவே காலாவதியாகிவிட்டதா? சாலைச் சோதனையைத் தள்ளிவையுங்கள். வண்டியைச் சரிசெய்து, ஐடிலிங்கை (ஆக்சிலேட்டர் கொடுக்காமல் நின்றபடி ஓடுவது) மட்டும் ஒழுங்காக்கி, ஆய்வை முடித்துவிட்டு மீதியைப் பார்க்கலாம். புகைச் சோதனை ஐடிலிங்கில்தான் நடக்கிறது என்பதால் இது சாத்தியம்.

3. வாங்க வேண்டியவை, செலவு

நான் விசாரித்த அளவில் உள்ள விலைகள் இவை. கடைக்குக் கடை மாறும்.

வைட்பேண்ட் ஏ.எஃப்.ஆர் மீட்டர், போஷ் எல்.எஸ்.யூ 4.9 சென்சாரோடு: 18,000 முதல் 25,000 ரூபாய் வரை. இதுதான் பெரிய செலவு. நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடுவதே புத்திசாலித்தனம். வருடத்தில் ஓரிரு நாளுக்குத்தான் தேவைப்படும்.

இரண்டாவதாக ஒரு பெண்ட் பைப்: 1,000 முதல் 2,000 வரை. ஒரிஜினல் பைப்பைத் தொடாதீர்கள். வெல்டிங் சூட்டில் குரோம் உரிந்து நீலம் பாய்ந்துவிடும், பிறகு எந்தப் பாலிஷுக்கும் மசியாது.

எம்18 அளவு, 1.5 பிட்ச் மரையுள்ள சென்சார் புஷ், அதை அடைக்க அதே மரையில் ஒரு டம்மி போல்ட், செம்பு வாஷர். வெல்டிங் கூலியோடு 500 ரூபாய் பக்கம் வரும்.

12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் யு.பி.எஸ். பேட்டரி: ஏறக்குறைய 1,000 ரூபாய்.

மெயின் ஜெட்டில் இப்போதுள்ளதற்கு மேலே மூன்று அளவு, கீழே ஒன்று. பைலட் ஜெட்டில் மேலே ஒன்று. காரைக்குடியில் கிடைக்காவிட்டால் மதுரை, திருச்சி, அதுவும் இல்லையென்றால் சென்னை ஜி.பி. ரோடு. ஜெட்டில் பொறித்த எண் ஒன்று, துளை வேறு என்று வரும் போலிகள் நிறைய. எல்லா ஜெட்டையும் ஒரே தயாரிப்பாளருடையதாக, ஒரே கடையில் வாங்கினால் குறைந்தபட்சம் ஒன்றுக்கொன்று ஒப்பிடவாவது முடியும்.

இங்கே ஒரு பொறி. 2,000, 3,000 ரூபாய்க்குக் கலர் கலராக விளக்கு ஓடும் மீட்டர்கள் கிடைக்கும். அவை நேரோபேண்ட் சென்சாரில் ஓடுபவை. நடுப்புள்ளிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது மட்டும்தான் அவற்றுக்குத் தெரியும். எவ்வளவு தள்ளி என்று தெரியாது. காற்றால் குளிரும் பழைய எஞ்சினை நடுப்புள்ளியில் வைத்து ஓட்டவே மாட்டோம், அதனால் அந்த விளக்குகளால் நமக்குப் பயனில்லை.

4. மீட்டரைத் தொடும் முன் வண்டியைச் சரிசெய்யுங்கள்

இந்தப் படியில் ஒரு முழு நாளைச் செலவழியுங்கள். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் மூன்று டஜன் ஜெட் வாங்கி வைத்துக்கொண்டு புலம்புகிறார்கள்.

டேப்பெட் (வால்வு இடைவெளி): எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, புஷ் ராடு விரலால் சுற்றும்படி, ஆனால் மேலும் கீழும் ஆடாதபடி. பாயின்ட் கேப் (தீப்பொறிக்கான கான்டாக்ட் பாயின்ட்டின் இடைவெளி) 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். டைமிங் கையேட்டுப்படி. பிளக் புதிது.

ஏர் ஃபில்டர்: நம் பக்கத்துச் செம்மண் புழுதி ஃபில்டரில் ஏறிவிட்டால் காற்று குறைந்து கலவை கெட்டியாகும், அதாவது பெட்ரோல் கூடும். அழுக்கு ஃபில்டரோடு டியூன் செய்து, பிறகு ஃபில்டரை மாற்றினால் அத்தனையும் வீண். புது ஃபில்டர் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஃபில்டரைக் கழற்றிவிட்டு டியூன் செய்வது இன்னும் மோசம்.

காற்றுக் கசிவு: கார்பரேட்டருக்கும் எஞ்சின் தலைக்கும் நடுவில் உள்ள காஸ்கெட்டிலும் ஃபிளேன்ஜிலும் கசிவு இருக்கும். ஐடிலிங்கில் ஓடவிட்டு அந்த இணைப்பைச் சுற்றிக் கார்பரேட்டர் கிளீனரைக் கொஞ்சமாக அடியுங்கள். எஞ்சின் வேகம் மாறினால் கசிவு உறுதி. சூடான பைப் பக்கம் அடிக்க வேண்டாம், தீப்பிடிக்கும். கார்பரேட்டர் ஃபிளேன்ஜை அளவுக்கு மீறி இறுக்கி வளைத்துவிட்ட வண்டிகள் ஏராளம். கண்ணாடித் தகட்டின் மேல் எமரித்தாளை விரித்துத் தேய்த்துச் சமப்படுத்தலாம்.

கார்பரேட்டர் உள்பக்கம்: கிண்ணத்தில் பழைய பெட்ரோல் கோந்தாகியிருக்கும். ஜெட்டுகளைக் கழற்றி கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள். கேபிள் கம்பி விட்டுக் குடைய யாரையும் அனுமதிக்காதீர்கள். பித்தளை மெத்தென்றது, துளை பெரிதாகிவிட்டால் ஜெட்டின் எண்ணுக்குப் பொருளே இல்லை. ஃப்ளோட் ஊசி, ஓ ரிங், பெட்ரோல் டியூப் மூன்றையும் புதிதாகப் போடுங்கள், பழைய ரப்பர் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்காது. நீடில் (ஸ்லைடோடு ஏறி இறங்கும் ஊசி), அது நுழையும் நீடில் ஜெட் தேய்ந்திருந்தால் அதையும் ஜோடியாக மாற்றுங்கள். நீளமான தேய்மானம் இருக்கும் நீடிலோடு நடு ஆக்சிலேட்டரில் எந்தக் காலத்திலும் கலவை நிற்காது.

டாங்கில் பழைய பெட்ரோல் இருந்தால் வடித்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி மழை முழுக்க மூலையில் நின்ற வண்டியின் டாங்கில் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கலாம்.

5. பெண்ட் பைப்பில் புஷ் வைத்தல்

புது பெண்ட் பைப்பை லேத் பட்டறைக்கு எடுத்துப் போவதற்கு முன் வண்டியில் மாட்டிப் பார்த்து, சாக்பீஸால் இடம் குறியுங்கள். பைப் வளைந்து கீழே வந்து, கிடையாகத் திரும்பும் இடத்துக்கு அருகில் வைக்கலாம். எஞ்சின் தலைக்கு மிக அருகில் வைத்தால் சென்சார் வெந்துவிடும். சைலன்ஸரின் வால் பக்கம் வைத்தால் வெளிக்காற்று திரும்பி வந்து எண்ணைக் கெடுக்கும்.

சென்சாரின் தலை மேல் நோக்கி, கிடைக்கோட்டிலிருந்து குறைந்தது 10 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். அடியில் தொங்கும்படி வைத்தால் பைப்புக்குள் வடியும் தண்ணீர் சூடான செராமிக்கில் பட்டு விரிசல் விடும். பழைய புல்லட்டில் கியர் லிவரும் வலப்பக்கம், பைப்பும் வலப்பக்கம். கியரை மேலும் கீழும் போட்டுப் பார்த்து, செருப்பு நுனியோ கிக்கரோ சென்சாரில் படாது என்று உறுதிசெய்த பிறகே துளை போடச் சொல்லுங்கள்.

வெல்டரிடம் சொல்ல வேண்டியவை இரண்டு. வெல்டு போடும் இடத்தில் குரோமை முழுவதும் தேய்த்துவிட வேண்டும், அந்தப் புகை அவருக்கும் கேடு. வெல்டு போடும்போது புஷ்ஷுக்குள் ஒரு பழைய போல்ட்டைத் திருகி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மரை கோணிவிடும். உங்கள் சென்சாரையே திருகி வைத்து வெல்டு அடிக்க விடாதீர்கள்.

பைப் எஞ்சின் தலையில் சொருகும் இடம் கசிந்தால் மீட்டர் பொய் சொல்லும். அங்கே சிலிக்கான் பசை பூசுவது பரவலான வழக்கம். சிலிக்கான் ஆவி சென்சாருக்கு விஷம். சூடு தாங்கும் எக்ஸாஸ்ட் சிமென்ட் பூசுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஈரத் துணியால் சைலன்ஸர் வாயை ஒரு நொடி அடைத்துப் பாருங்கள். உஸ்ஸென்று வேறெங்காவது கேட்டால் கசிவு.

6. கரண்ட்

சென்சாருக்குள் ஒரு ஹீட்டர் இருக்கிறது. அது ஒன்று முதல் இரண்டு ஆம்பியர் இழுக்கும், தொடக்கத்தில் இன்னும் கூட. பழைய புல்லட்டின் சார்ஜிங் இதைத் தாங்காது, 6 வோல்ட் வண்டியில் பேச்சுக்கே இடமில்லை. யு.பி.எஸ். பேட்டரியைக் கேரியரில் கட்டி, 5 ஆம்பியர் ஃபியூஸும் ஒரு சுவிட்சும் வைத்து, மீட்டரை அதிலிருந்தே ஓட்டுங்கள். வண்டியின் வயரிங்கைத் தொடவே வேண்டாம். முழு சார்ஜில் ஒரு காலைப்பொழுதுக்குத் தாராளம்.

எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் சுவிட்ச் போடுங்கள், நிறுத்தியதும் அணையுங்கள். கரண்ட் இல்லாமல் சென்சாரைப் பைப்பில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றக் கூடாது, கரி ஏறிச் செத்துவிடும். வேலை முடிந்த அன்றே கழற்றி டம்மி போல்ட் போட்டுவிடுங்கள்.

7. எண்ணைப் படிப்பது, இ20 குழப்பம்

பழைய புத்தகங்களில் 14.7 என்று ஒரு எண் வரும். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 பங்கு காற்று என்று பொருள், எடைக் கணக்கில். அது எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு. இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது பெரும்பாலும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்குரிய எண் 13.5 பக்கத்தில்.

மீட்டருக்கு இந்த வேறுபாடு தெரியாது. அது உண்மையில் அளப்பது லாம்டா என்ற விகிதத்தை. முழுமையாக எரியத் தேவையான காற்று அப்படியே இருந்தால் லாம்டா 1. அதை 14.7ஆல் பெருக்கித்தான் திரையில் எண்ணைக் காட்டுகிறது. மீட்டரில் லாம்டா காட்டும் வசதி இருந்தால் அதையே வையுங்கள். எந்தப் பெட்ரோல் போட்டாலும் லாம்டாவின் பொருள் மாறாது. வசதி இல்லையென்றால் 14.7 அளவுகோலையே வைத்துக்கொண்டு கீழே நான் தரும் எண்களைப் பின்பற்றுங்கள். இ20 என்பதற்காக 13.5ஐ மனதில் கழித்துக் கூட்டிக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலில் லாம்டா 0.88 என்று சரியாக இருந்த கார்பரேட்டர், ஒரு ஜெட்டையும் தொடாமலே இ20யில் 0.95க்குப் போய்விடும். ஏறக்குறைய 8 சதவீதம் பெட்ரோல் குறைவு. "ரெண்டு வருசமா வண்டி சூடாகுது, இழுக்க மாட்டேங்குது, நான் எதையுமே மாத்தல" என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான் என்பது என் எண்ணம். பெட்ரோல் மாறியிருக்கிறது.

பழைய காற்றுக் குளிர்வு எஞ்சினுக்கு நான் வைக்கும் இலக்கு:

ஐடிலிங்: லாம்டா 0.92 முதல் 0.95 வரை, மீட்டரில் 13.5 முதல் 14.0.
சீரான ஓட்டம், கால் முதல் அரை ஆக்சிலேட்டர்: 0.92 முதல் 0.97 வரை, மீட்டரில் 13.5 முதல் 14.3.
முழு ஆக்சிலேட்டர்: 0.85 முதல் 0.88 வரை, மீட்டரில் 12.5 முதல் 12.9.

எண் பெரிதானால் பெட்ரோல் குறைவு, சூடு அதிகம். எண் சிறிதானால் பெட்ரோல் அதிகம், கரி, மைலேஜ் இழப்பு. மைலேஜ் ஆசையில் முழு ஆக்சிலேட்டரை 14க்கு இழுக்காதீர்கள், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

8. ஆக்சிலேட்டரில் குறி போடுங்கள்

வேகத்தைப் பார்த்தோ எஞ்சின் சுற்றைப் பார்த்தோ ஜெட்டை மாற்ற முயல்வதுதான் புதியவர்கள் எல்லோரும் விழும் குழி. கார்பரேட்டருக்கு உங்கள் வேகம் தெரியாது. ஸ்லைடு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். எந்தத் தூக்கலில் எந்த உறுப்பு பெட்ரோல் தருகிறது என்பதே முழு விஷயமும்.

மூடியதிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். எட்டில் ஒன்றிலிருந்து கால் வரை ஸ்லைடின் அடியில் உள்ள வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை நீடில். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், கத்தியால் வெட்டினாற்போல் இருக்காது.

கேபிளின் தளர்வை முதலில் எடுத்துவிட்டு, கைப்பிடியிலும் அதன் பக்கத்துக் கூட்டிலும் பேப்பர் டேப் ஒட்டி, மூடியது, கால், அரை, முக்கால், முழுது என்று ஐந்து கோடு போடுங்கள். ஐந்து ரூபாய் டேப் இது. 25,000 ரூபாய் மீட்டர் சொல்வதற்குப் பொருள் தருவது இந்த டேப்தான்.

9. எங்கே, எப்போது ஓட்டுவது

விடிந்ததும் கிளம்பி ஏழரை மணிக்குள் முடித்துவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் பத்து மணிக்கு மேல் கார்பரேட்டர் கிண்ணமே கொதிக்கும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் வழியில் விடிகாலையில் நேரான துண்டுகள் கிடைக்கும், ஆனால் ஆடும் மாடும் சாலையைத் தங்கள் வீட்டு முற்றமாகத்தான் நினைக்கும். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் சாலையும் பரவாயில்லை. தைப்பூசத்தை ஒட்டி நகரத்தார் பாதயாத்திரை குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் கிளம்பும் நாட்களிலும், சிராவயல் மஞ்சுவிரட்டு நாளிலும் திருப்பத்தூர் பக்கம் வண்டியைத் திருப்பவே வேண்டாம்.

மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்டாதீர்கள். பின்னால் ஒருவரை உட்காரவைத்து எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள், அல்லது கைபேசியை மீட்டரும் கைப்பிடிக் குறியும் ஒன்றாகத் தெரியும்படி கட்டி வீடியோ எடுத்துப் பிறகு பாருங்கள். இரண்டு பேருக்கும் ஹெல்மெட். முழு ஆக்சிலேட்டர் சோதனையை மூன்றாம் கியரில் செய்தால் வேகம் கட்டுக்குள் இருக்கும்.

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகே எண்ணை எழுதத் தொடங்குங்கள். எட்டுப் பத்து கிலோமீட்டர் ஓடட்டும். சோக் முழுவதும் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டியூனிங் முடியும்வரை ஒரே பங்கில் பெட்ரோல் போடுங்கள்.

10. மெயின் ஜெட்

மேலிருந்து கீழே வர வேண்டும். ஐடிலிங்கில் தொடங்குவது கை பரபரப்பதால் வரும் பழக்கம். கீழே சரிசெய்ததை மேலே செய்யும் மாற்றம் கலைத்துவிடும். வண்டி நிற்காமல் ஓடும் அளவுக்கு ஐடிலிங் இருந்தால் இப்போதைக்குப் போதும்.

மூன்றாம் கியரில் 40லிருந்து முழு ஆக்சிலேட்டர் கொடுத்து நான்கைந்து நொடி பிடியுங்கள். நிலைத்து நிற்கும் எண்ணை எழுதுங்கள். முறுக்கிய நொடியில் எண் 16, 17 என்று தாவும். இந்த வகை கார்பரேட்டரில் ஆக்சிலரேட்டர் பம்ப் கிடையாது, அதனால் அப்படித்தான் இருக்கும், விட்டுவிடுங்கள்.

12.9க்கு மேல் நின்றால் மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றுங்கள். ஜெட்டின் எண் பெரிதானால் பெட்ரோல் அதிகம். ஒரு படி மாற்றியதும் மீட்டரில் எவ்வளவு நகர்ந்தது என்று குறித்துக்கொண்டால் அடுத்த ஜெட்டை ஊகிக்க வேண்டியதில்லை. இ20யால் வந்த 8 சதவீதத்தை ஈடுகட்ட 90 ஜெட் உள்ள வண்டி 95க்கும் 100க்கும் நடுவில் எங்காவது வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஜெட்டையும் நீடிலையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று பிறகு யோசிப்பதில் பலனில்லை.

11. நீடில்

அரைக் குறியில் பிடித்து, சமதளத்தில், மூன்றாம் அல்லது நான்காம் கியரில் சீராக ஓட்டி எண் பாருங்கள். நீடிலின் தலையில் ஐந்து பள்ளம் இருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே போட்டால் நீடில் மேலே தூக்கும், பெட்ரோல் கூடும். மேலே போட்டால் குறையும். இது தலைகீழாகத் தோன்றும், அதனால் கழற்றும் முன் எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று படம் எடுத்து வையுங்கள். கிளிப் ஸ்ப்ரிங்கோடு தெறித்து ஓடும். வெள்ளை வேட்டியையோ பழைய போர்வையையோ விரித்து அதன் மேல் செய்யுங்கள்.

ஒரு பள்ளம் அதிகம், இன்னொன்று குறைவு என்று நடுவில் மாட்டிக்கொண்டால் கிளிப்புக்கு அடியில் மெல்லிய வாஷர் ஒன்று வைத்து அரைப் பள்ளம் தூக்கலாம்.

கால் குறிக்குக் கீழே மட்டும் ஒரு பள்ளம் விழுந்தாற்போல் வண்டி தயங்கினால் அது ஸ்லைடின் வெட்டு. வேறு ஸ்லைடு தேடி அலைய வேண்டாம். பைலட்டைச் சற்றுக் கெட்டியாக வைத்தால் பெரும்பாலும் மறையும்.

12. பைலட் ஜெட், ஏர் ஸ்க்ரூ

மிக்கார்ப் வி.எம். வகையில் பக்கவாட்டு ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும். அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். பிற்காலத்து சி.வி. கார்பரேட்டரில் (எஞ்சினின் உறிஞ்சலில் ஸ்லைடு எழும் வகை) ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருக்கும். அது கலவையைக் கட்டுப்படுத்துவது, வெளியே எடுத்தால்தான் கூடும். இரண்டு வண்டியும் கையில் உள்ளவர்கள் இதைக் கார்பரேட்டரிலேயே எழுதி ஒட்டிவிடலாம்.

முழுவதும் மெதுவாக உள்ளே திருகி, இறுக்காமல், ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். கால் சுற்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் பத்து நொடி காத்திருங்கள். எஞ்சின் வேகம் அதிகமாக எழும் இடத்தைக் கண்டுபிடித்து, ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்து, மறுபடி ஒருமுறை தேடுங்கள். நல்ல இடம் ஒரு சுற்றுக்குள்ளேயே வந்தால் பைலட் ஜெட் சிறியது. இரண்டரைக்கு மேல் போனால் பெரியது.

ஐடிலிங்கில் மீட்டரை அளவுக்கு மீறி நம்பாதீர்கள். ஒற்றைச் சிலிண்டர், குறைந்த சுற்று, ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் சைலன்ஸர் வழியாக வெளிக்காற்று கொஞ்சம் உள்ளே வரும். எண் ஆடிக்கொண்டே, உண்மையைவிடக் குறைவான பெட்ரோலைக் காட்டும். இங்கே மட்டும் பட்டறைக்காரரின் காதுக்கே முதலிடம். மீட்டர் சாட்சி.

13. மீட்டர் பொய் சொல்லும் இடங்கள்

மிஸ்ஸிங் இருந்தால் எரியாத ஆக்சிஜன் வெளியே வரும், மீட்டர் "பெட்ரோல் குறைவு" என்று காட்டும். பெட்ரோல் அதிகமாகி மிஸ்ஸானாலும் அப்படியே காட்டும். இதுதான் மிக ஆபத்தான பொய், ஏனென்றால் நீங்கள் ஜெட்டை இன்னும் ஏற்றுவீர்கள். எண் 15க்கு மேல், ஆனால் பிளக் கருப்பு என்றால் பிளக்கை நம்புங்கள், பாயின்ட்டையும் கண்டென்சரையும் பாருங்கள்.

ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டு இறக்கத்தில் வரும்போது எண் எல்லை தாண்டும். அதற்குப் பொருள் இல்லை.

எல்லாக் குறியிலும் ஒரே அளவு "பெட்ரோல் குறைவு" என்று காட்டினால் ஜெட்டைத் தொடாதீர்கள். பைப் கசிவையும் ஃப்ளோட் (கிண்ணத்தில் பெட்ரோல் அளவைக் காக்கும் மிதவை) மட்டத்தையும் முதலில் பாருங்கள்.

14. பருவ மாற்றம்

40 டிகிரி வெயிலில் டியூன் செய்த வண்டியை மார்கழிக் காலையில் 25 டிகிரியில் ஓட்டினால் காற்று ஏறக்குறைய 5 சதவீதம் அடர்த்தியாக இருக்கும். அதனால் கலவை இரண்டு, மூன்று சதவீதம் மெலியும். கோடையில் டியூன் செய்பவர்கள் இலக்கின் கெட்டியான முனையை ஒட்டி, முழு ஆக்சிலேட்டரில் 12.5 பக்கம் நிறுத்துங்கள். மழைக்காலத்தில் செய்பவர்கள் 12.8 பக்கம் நிறுத்தலாம்.

15. புகைச் சான்று

2000 மார்ச் 31க்குள் தயாரான இருசக்கர வண்டிக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம். வரை அனுமதி. அதற்குப் பிறகு வந்த பழைய நான்கு ஸ்ட்ரோக்குகளுக்கு 3.5 சதவீதமும் 4,500ம். பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளின் வரம்பு இவற்றுக்குப் பொருந்தாது. சோதனைக்காரர் தயாரிப்பு ஆண்டைத் தவறாகப் பதிந்தால் நல்ல வண்டியும் தோற்கும், எனவே அவர் தட்டச்சு செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஐடிலிங் லாம்டா 0.92க்கு மேல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு 3.5க்குள் அடங்கிவிடும். இந்த வகை வண்டிகளுக்குச் சான்று 6 மாதம் செல்லும்.

வண்டியைச் சூடாகவே கொண்டுபோங்கள். வீட்டிலிருந்து தெருமுனை வரை ஓட்டிப்போய்க் குளிர்ந்த எஞ்சினில் சோதனை கொடுத்தால் எண் ஏறும். போவதற்கு முன் சென்சாரைக் கழற்றி, செம்பு வாஷரோடு டம்மி போல்ட்டை இறுக்கிவிடுங்கள். மெயின் ஜெட், பைலட் ஜெட், கிளிப் பள்ளம், ஏர் ஸ்க்ரூ சுற்று, தேதி, அன்றைய வெயில், போட்ட பெட்ரோல் ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதி டூல் பாக்ஸுக்குள் போடுங்கள். பட்டறையில் வண்டியை விடும்போது அந்த அட்டையையும் கையில் கொடுத்து, ஏர் ஸ்க்ரூவைத் தொட வேண்டாம் என்று வாயாலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.